கன்னிமூலைக் கிணறு

பொக்லைன் வாளியின் பற்களில் சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. பனியன் துணி. கழுத்துப் பட்டி வெட்டியது போக மிஞ்சிய நீள நீளமான ரிப்பன்கள். மண்ணுக்குள் கிடந்தும் சாயம் போகவில்லை. வாளி மறுபடி இறங்கி ஏறியபோது நீலமும் மஞ்சளும், எலாஸ்டிக் நாடாவும், அளவு அச்சடித்த குட்டி லேபிள்களும் கொத்தாக வந்தன. ஈரத்தில் மக்கிய துணியும் மெஷின் எண்ணெயும் சேர்ந்த வாடை அடித்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார். நான் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். நிலநடுக்கம் வந்தாலும் அசையாமல் நிற்க வேண்டிய ஒரு மருத்துவமனைக்கு அடித்தளம் தோண்டிய இடம் அது. அந்த மண்ணைச் சோதித்து, கீழே நல்ல பாறை இருக்கிறது, தைரியமாகக் கட்டலாம் என்று சொன்னவள் நான். அந்த நிலத்தில் கிணறு எதுவும் இருந்ததில்லை என்று என்னிடம் சொன்னவர் டாக்டரம்மா.

டாக்டரம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் திடகாத்திரமாக இருக்கிறார். நேற்றும் அவர் கார் எங்கள் தெரு வழியாகப் போயிற்று. உயிரோடு இருக்கிறவரைப் பற்றி இப்படி நினைவு எழுதுவது நன்றாக இல்லை என்றார் என் வீட்டுக்காரர். எனக்குத் தெரிந்த டாக்டரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்றேன். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தபோது அனுப்பர்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டடம் பாத்திரப் பட்டறை. விடிந்ததிலிருந்து தகடு தட்டும் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வயிற்றில் காதை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுவிடுவார் என்று பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் அப்போது மாசமாக இருந்தேன். மண் பரிசோதனை நிறுவனம் ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெயிலில் துளை போடும் இடத்தில் நிற்கும்போது அடிக்கடி தலை சுற்றும். சொன்னால் படுக்கச் சொல்லிவிடுவார் என்று பயந்து மறைத்துவைத்தேன். ஒருநாள் அவர் முன்னாலேயே கண் இருட்டி விழுந்தேன். எழுந்ததும் கிடைத்த வசவு இருக்கிறதே, பட்டறைக்காரர்கள்கூட ஒரு நிமிடம் சுத்தியலை நிறுத்தியிருப்பார்கள்.

"கண்ணு, எங்கிட்ட மறைச்சா நான் யாருக்கு வைத்தியம் பாக்கறது? நீ வாயில சொன்ன பொம்பளைக்கா, இங்க படுத்துக் கெடக்கற பொம்பளைக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பார். நாட்டு மருந்து சாப்பிட்டதை மறைத்தவளிடம், முன்பு கலைந்த கருவை மாமியாருக்குப் பயந்து மறைத்தவளிடம், சர்க்கரை இருப்பதை மறைத்தவளிடம். நோயைவிட மறைப்பதுதான் அவருக்குப் பெரிய எதிரி. என் பிரசவம் சிக்கலாயிற்று. குழந்தை திரும்பிக்கொண்டுவிட்டது, எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அன்று பகல் முழுக்க அவர் சாப்பிடாமல், உட்காராமல், என் கட்டில் பக்கத்திலேயே நின்றார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. "கஷ்டமாத்தான் இருக்குது கண்ணு, ஆனா நான் இருக்கேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நானும் பிழைத்தேன், மகளும் பிழைத்தாள். அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு டாக்டர் மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை மதியம் அரிசிம்பருப்பு சோறும் நெய்யும் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மகளை அம்மிணி அம்மிணி என்று மடியிலேயே வைத்துக்கொள்வார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர் என்றாலும் நான் அவருக்குக் கடைசிவரை கண்ணுதான்.

மகள் கல்லூரிக்குப் போகிற வயதில், புதிய மருத்துவமனை பற்றிய பேச்சும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில்தான் தொடங்கியது. வடக்கே எங்கோ நிலநடுக்கம் வந்து, ஒரு ஆஸ்பத்திரியின் தளம் நோயாளிகளோடு இறங்கிவிட்டதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கையை நிறுத்திவிட்டார். நான் என் வாத்தியார் வேலையை ஆரம்பித்தேன். மற்றக் கட்டடங்கள் இடியாமல் நின்று உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடி வந்துவிட்டால் போதும். ஆஸ்பத்திரி அப்படி அல்ல, நிலநடுக்கம் வந்தால் எல்லோரும் ஓடி வருகிற இடம் அது. நிற்பதோடு முடியாது, லிஃப்ட் ஓட வேண்டும், ஆக்சிஜன் குழாய் உடையாமல் இருக்க வேண்டும், தியேட்டரில் விளக்கு எரிய வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனேன். "நம்மூர்ல பவர் டேபிள் ஆடறதுதான் நிலநடுக்கம், வேற என்ன வரப்போவுது" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். அவர் சின்னதாக ஒரு தையல் கம்பெனி வைத்திருக்கிறார். பவர் டேபிள் என்கிற மின்சாரத் தையல் மெஷினைத் தாண்டி அவருக்கு உலகம் ஆடாது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நான் கட்டுனா அப்படித்தான் கட்டுவேன். மண்ணுக்கு டாக்டர் நீ இருக்கறயே கண்ணு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உடுமலை போகும் வழியில் நிலம் வாங்கினார். விற்றவர் மடத்துக்குளம் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். பத்திரம் முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் என்னை நிலத்துக்கு அழைத்துப்போனார். எல்லாம் மட்டமாக்கி, செம்மண் பரப்பி, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது.

எந்த நிலத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இங்கே கிணறு இருந்ததா? வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்பு கலந்து இறுகிய சுக்கான் மண், அதற்குக் கீழே பாறை. கட்டடம் கட்ட இதைவிட நல்ல தரை கிடைக்காது. ஆனால் அந்தப் பாறையை உடைத்துத்தான் எங்கள் பெரியவர்கள் கிணறு வெட்டினார்கள். ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு அகலம். ரெண்டு தென்னையை ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தினாலும் தலை வெளியே தெரியாது, அவ்வளவு ஆழம். தண்ணீர் போர்வெல்லுக்குள் போனபிறகு கிணறுகள் காய்ந்தன. தோட்டம் கம்பெனியாகும்போது கிணற்றை மூடுவார்கள். எதை வைத்து? பனியன் கம்பெனியின் நல்ல கட்டிங் வேஸ்ட்டை வாங்க ஆள் உண்டு. எண்ணெயும் சாயக் கறையும் பட்டதை யாரும் வாங்க மாட்டார்கள். அது கிணற்றுக்குப் போகும். அதன்மேல் பாய்லர் சாம்பல், உடைந்த செங்கல், கடைசியில் ஒரு லோடு செம்மண். மேலே நின்று பார்த்தால் பூமாதேவிக்கே வித்தியாசம் தெரியாது. ஒரு கட்டடத்தின் பாதி பாறை மேலும் பாதி இப்படி மூடிய கிணற்றின் மேலும் உட்கார்ந்தால், ஒரு காலைக் கல்லிலும் ஒரு காலை இலவம்பஞ்சு மெத்தையிலும் வைத்து நிற்பதற்குச் சமம். சும்மா நிற்கும்போதே ஒரு பக்கம் தாழும். தரை குலுங்கினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்.

அதனால் கேட்டேன். டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்து, "கிணறெல்லாம் இல்ல கண்ணு. மானாவாரிக் காடு. மழை பேஞ்சாச் சோளம் வெதைப்பாங்க, இல்லைன்னா ஆடு மேயும்" என்றார்.

சோளத்தை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இல்லை என்று ஒரு சொல்லோடு விட்டிருக்கலாம். ஒரு பொய்க்காக முழுச் சோளக்காட்டையே விதைத்து, ஆட்டையும் மேயவிட்டார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கட்டட வரைபடத்தின்படி துளை போடும் இடங்களைக் குறித்தேன். ஒவ்வொரு துளையிலும் ஒரு எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவைத்து, குழாய் கீழே இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். மண் எவ்வளவு கெட்டி என்று அது சொல்லிவிடும். தென்மேற்கு மூலையில், எங்கள் ஊர் வழக்கில் கன்னிமூலையில், ஒரு துளை வர வேண்டும். அந்த இடத்தில் ஓலைப் பந்தல் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்து, மஞ்சளும் பூவுமாக இருந்தது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூமி பூசை போட்ட எடம் கண்ணு. பிள்ளையார் காலடியில ஓட்டை போட வேண்டாம். செத்தத் தள்ளிப் போட்டுக்கலாமா?" கன்னிமூலையில் பிள்ளையார் வைப்பது எங்கள் பக்கத்தில் புதுசில்லை. துளையைக் கொஞ்சம் நகர்த்துவதும் எங்கள் தொழிலில் நடப்பதுதான். நகர்த்தினேன், பாறை கிடைத்தது. இதில் நான் செய்த தப்பு என்ன என்று பிறகு பலபேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. உயிரைக் கொடுத்தவர் சொல்வதை நம்புவது தப்பென்றால், அது ஊரில் எல்லோரும் சேர்ந்து செய்த தப்பு.

பிள்ளையாரை வேறிடத்துக்கு எழுந்தருளச் செய்துவிட்டு அடித்தளம் தோண்டியபோதுதான் துணி வந்தது. கான்ட்ராக்டர் கூப்பிட்டு நான் போய் நின்றேன். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கத்தில் கிணற்றின் பாறைச் சுவர் வெட்டுத் தழும்புகளோடு தெரிந்தது. நெடுக ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கியிருந்தது. மூடிய கிணறு மூச்சு விட வேண்டும் என்று அப்படி ஒரு குழாய் வைப்பார்கள். ஆக, எவனோ எப்போதோ குப்பை கொட்டிய கிணறல்ல. முறைப்படி பூசை செய்து, பக்தியோடு மூடப்பட்ட கிணறு.

டாக்டரம்மா வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

"கிணறு கன்னிமூலையில இருந்தா குடும்பத்துக்கே ஆகாதுன்னு வாஸ்து பாக்கறவரு சொன்னாரு கண்ணு. மூடிப்போட்டு, இருக்கறதுலயே கனமான கட்டடத்தை அது மேல தூக்கி வெச்சாத்தான் தோஷம் அடங்குமாம். மூடுன பொறவு கிணறுன்னு வாயால சொல்லக்கூடாதுன்னும் சொல்லிப்போட்டாங்க. சொன்னா மறுபடி திறந்த மாதிரி ஆயிருமாம்."

கனமான கட்டடம் என்றால் என்ன தெரியுமா? தீவிர சிகிச்சைப் பிரிவு, அதன்மேல் ஆபரேஷன் தியேட்டர், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. முழு நிலத்திலும் எதன்மேல் எதையும் வைக்கக் கூடாதோ, சரியாக அதன்மேல் அத்தனையையும் தூக்கி வைத்திருந்தார்கள்.

"நான் கேட்டப்ப ஏனுங்க சோளக்காடுன்னீங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இப்ப நான் எந்த மண்ணுக்குங்க வைத்தியம் பாக்கறது? நீங்க வாயில சொன்ன மண்ணுக்கா, இங்க கெடக்கற மண்ணுக்கா?"

அவர் அழுதுவிட்டார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பயந்துட்டேன் கண்ணு, பயந்துட்டேன் என்றார். எத்தனையோ பேர் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தவர் ஒரு கிணற்றுக்குப் பயந்தார். எனக்குக் கோபம் இருந்தாலும் அந்த அழுகைக்கு முன்னால் அது நிற்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, நடந்ததைக் கொட்டினேன். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆச்சரியப்படவில்லை என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"டாக்டரம்மா கேட்டாங்க, நம்ம கம்பெனி வண்டியும் ரெண்டு நடை போச்சு. ஊரே அனுப்புச்சு. கிணத்தைப் பத்தி எங்கியும் பேச வேண்டாம்னாங்க, அதான்..."

"எங்கிட்டக்கூடவா?"

"உங்கிட்டத்தான் முக்கியமா வேண்டாம்னாங்க."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் வண்டி கொட்டிய துணியும் அந்த வாளியில் வந்திருக்கும். அவரிடம் வெகுநாள் பேசவில்லை. அவருக்கு அது வசதியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஊரில் டாக்டரம்மா கையில் பிறக்காத குழந்தை குறைவு, அதனால் அவர் கேட்டு லாரி அனுப்பாத கம்பெனியும் குறைவு. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிணற்றைத் தெரியாதவள், அதைத் தெரிந்தே ஆக வேண்டிய நான் ஒருத்திதான்.

டாக்டரம்மாவிடம் இரண்டு வழி சொன்னேன். ஒன்று, அந்தக் கட்டடத்தைக் கிழக்கே பாறைப் பக்கம் நகர்த்துவது. இல்லையென்றால் கிணற்றை அடிப்பாறை தெரியும்வரை தோண்டி, உள்ளே இருக்கும் துணி, சாம்பல் எல்லாவற்றையும் வாரி எடுத்து, கீழிருந்து மேல்வரை கான்கிரீட்டால் நிரப்புவது. செலவும் நாளும் ஆகும். ஆனால் பிறகு பயமில்லை. கனத்தை நகர்த்த வாஸ்து இடம் தராது என்பதால் இரண்டாவதற்கு ஒத்துக்கொண்டார். "நீ சொல்றபடியே செஞ்சுருவோம் கண்ணு. இனி உங்கிட்ட ஒண்ணும் மறைக்க மாட்டேன்" என்று என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார். நான் நம்பினேன். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்பு சாப்பிட வந்தார். நெய்யைக்கூட நானே ஊற்றினேன்.

அடிப்பாறை தெரிந்ததும் என்னைக் கூப்பிட வேண்டும், நான் இறங்கிப் பார்த்த பிறகுதான் கான்கிரீட் போட வேண்டும். இது ஒன்றுதான் என் நிபந்தனை. தோண்டல் நடந்துகொண்டிருந்தபோது உடுமலைப்பேட்டை பக்கம் காற்றாலை அடித்தள வேலைக்காக நான் போய்க் கொஞ்ச நாள் தங்க வேண்டியிருந்தது. தினமும் போன் செய்வேன். "தோண்டிட்டே இருக்காங்க கண்ணு" என்பார். நான் திரும்பி வந்து நேராக நிலத்துக்குப் போனேன். பள்ளம் இல்லை. அடித்தளத்துக் கான்கிரீட் போட்டு, மேலே சாக்கு விரித்துத் தண்ணீர் கட்டி வைத்திருந்தார்கள்.

மழை வருகிற மாதிரி இருந்ததாம். பள்ளத்துச் சுவர் சரிந்துவிடுமோ என்று கான்ட்ராக்டர் அவசரப்பட்டாராம். ஆனால் அடிவரை தோண்டியாயிற்றாம், பாறையைக் கண்ணால் பார்த்தார்களாம், முழுக்கக் கான்கிரீட்தானாம். கான்ட்ராக்டர் தலையாட்டினார். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் பெரிய மழை எதுவும் பெய்திருக்கவில்லை.

"சரிங்க. ஒரே ஒரு துளை போட்டுப் பாத்துக்கறேன். கையகலத்துக்குத்தான். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"எம்மேல நம்பிக்கையில்லையா கண்ணு?" என்றார் டாக்டரம்மா.

என்னையும் என் மகளையும் கையில் பிடித்து நிறுத்தியவர் கேட்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், நான்தான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி. "நம்பிக்கை இருக்குதுங்க. ஆனா துளை போட்டே ஆகணும்" என்றேன். அவர் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து வேறொரு பொறியாளர் வந்தார். அவருக்குத் துளை வேண்டியிருக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இந்தக் கட்டடத்துக்கு என் பொறுப்பு இல்லை, கிணற்றின் மேல் கட்டியிருக்கிறார்கள், துளை போட்டுப் பாருங்கள் என்று அனுமதி தருகிற அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். வந்தார்கள். இளநீர் குடித்தார்கள். தரையைக் காலால் தட்டிப் பார்த்து, நல்லாத்தானே இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தவர்களில் ஒருவர் மனைவிக்கு டாக்டரம்மாதான் பிரசவம் பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. வீட்டில், உறவில், கோயிலில், எங்கே போனாலும் பேச்சு என்னைப் பற்றித்தான். உயிர் கொடுத்தவங்க மேலயே மனு போட்டுட்டாளாம் என்றார்கள். திறப்பு விழாவுக்குத் தட்டில் பட்டுச்சேலை வைத்து அழைப்பு வந்தது. நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் போய், போனில் படம் பிடித்து வந்தார். டாக்டரம்மா மேடையில் பேசினார். "நிலநடுக்கம் வந்தா எல்லாரும் ஓடி வர்ற எடம் ஆஸ்பத்திரி. அது நிக்கணும். அதுக்காகப் பாறை மேல கட்டியிருக்கறோம்." ஊர் கைதட்டியது. என் வாக்கியத்தை, என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டபடி கேட்ட வாக்கியத்தை, அங்கே வைத்துக் கட்டியிருந்தார்.

சில வருடங்கள் போயின. கட்டடம் நின்றது. தரை ஆடவில்லை. கிணற்றின் மேல் நிற்கும் மேற்குக் கட்டடமும் நடுக் கட்டடமும் சேரும் இடத்தில் தரைக் கல் மேலும் கீழுமாகிவிட்டது, ஸ்ட்ரெச்சர் அங்கே தடுக்குகிறது என்று யாரோ சொன்னார்கள். இரண்டு கட்டடம் சேருமிடத்தில் அது சகஜமாகவும் இருக்கலாம். எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியது. ஒருவேளை உண்மையாகவே அடிவரை தோண்டியிருப்பார்களோ? ஒரு துளைக்காக, ஒரு பிடிவாதத்துக்காக, அவ்வளவு பெரிய மனுஷியை நான் இழந்துவிட்டேனோ? சில ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிம்பருப்பு செய்யும்போது கை தானாக அவருக்கும் சேர்த்து அரிசி அளந்துவிடும்.

பிறகு என் மகள் மாசமானாள். வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்றேன். "அவங்க கையில பொறந்தவ நான். எம்பட குழந்தையும் அவங்க கையிலதான்" என்று சொல்லிவிட்டாள். கிணற்றுக் கதை அவளுக்கு முழுக்கத் தெரியும். அம்மாவுடைய பைத்தியங்களில் ஒன்று என்று வைத்திருந்தாள். பிரசவத்தன்று வேறு வழியில்லாமல் நானும் போனேன். பிரசவ அறை நடுக் கட்டடத்தில். டாக்டரம்மா உள்ளே இருந்தார். வயதாகியும் குரல் அதே குரல், ஒன்றையும் மறைக்காத குரல். "கொடி சுத்தியிருக்குது அம்மிணி, நான் பாத்துக்கறேன், நீ பயப்படாத" என்று சொல்வது கதவுக்கு வெளியே கேட்டது. மதியம் பேத்தி பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்தான்.

அறைக்கு மாற்றும்போது நர்ஸ் தள்ளுவண்டியைக் கிழக்குப் பக்கம் திருப்பினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், எங்கள் பேச்சு இன்னும் அவளுக்கு ஒட்டவில்லை.

"நல்ல ரூமெல்லாம் மேக்குப் பக்கந்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா, ஏசி ரூம்பு பூராவும் அங்கனதான். ரெண்டு காலியாவும் கெடக்கு. ஆனா உங்க மகளுக்கு மட்டும் அங்கன போடவே கூடாது, கெழக்கதான் போடணும்னு டாக்டரம்மா ரெண்டு வாட்டி சொல்லிட்டுப் போனாவ."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வருடக்கணக்கில் ஒரு துளை போட்டுப் பார்க்க விடாதவர், அந்தத் துளையின் முடிவை ஒரு நர்ஸ் வாயால் சொல்லி அனுப்பியிருந்தார். அடிவரை தோண்டவில்லை. அவருக்குத் தெரியும். நான் சொன்னதை அவர் நம்பாமல் இல்லை, முழுக்க நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டேதான் மற்றவர்களை மேற்குப் பக்கம் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் குழந்தையைப் பார்க்க வந்தார். அதன் உள்ளங்காலைப் பெருவிரலால் தடவினார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கெழக்குப் பக்கம் எதுக்குங்க போடச் சொன்னீங்க?" என்றேன்.

"காத்து நல்லா வரும் கண்ணு."

"அடி வரைக்கும் தோண்டலீங்களா?"

அவர் போர்வையைக் குழந்தையின் கழுத்துவரை இழுத்துவிட்டார். "பாதியில ஊத்து வந்துருச்சு கண்ணு" என்று மிகவும் மெதுவாகச் சொன்னார். "தண்ணி வந்தாக் கிணத்துக்குத் திரும்ப உசுரு வந்த மாதிரின்னாங்க. மூடிப்போட்டேன்." பிறகு, பிள்ளைக்குச் சளி பிடிக்கும், ஜன்னலைச் சாத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நடந்து மேற்குப் பக்கம் போனேன். ஸ்ட்ரெச்சர் தடுக்கும் அந்த இடத்தைத் தாண்டியதும் தரை தாழ்ந்திருப்பதை என் கால் அறிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையன், உள்ளே இருக்கும் மனைவிக்காகச் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பிரசவமான பெண்களின் அம்மாக்கள் வெந்நீர் பிளாஸ்க்கோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் கிழக்கே அறை போடச் சொல்ல யாருமில்லை. டாக்டரம்மா சொன்ன வார்த்தையை அப்படியே வைத்து மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை இன்னும் மேலே உள்ள அலுவலகத்துக்கு. அப்படி நான் சொல்லவே இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாளே, சாட்சிக்கு வேறு யார்?

ஆனால் ஒன்றை மட்டும் எந்த மனுவிலும் எழுத முடியவில்லை. கிழக்குப் பக்கம் என்று நர்ஸ் சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது கோபமே இல்லை. அப்பாடா என்றிருந்தது. என் பேத்தி பாறை மேல் இருக்கிறாள் என்று நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அந்தப் பக்கம் படுத்திருப்பவர்களின் நினைவு அதற்கு அப்புறம்தான் வந்தது. டாக்டரம்மா சொன்ன பொய்களை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். எனக்கென்று ஒரு அறையை ஒதுக்கி, என்னை அப்படி நிம்மதிப் பெருமூச்சு விட வைத்தாரே, அதை மன்னிக்க மாட்டேன்.